பன்னெண்டு வோல்ட்

எஞ்சினே இல்லாத இடத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் முதலில் சன்னலுக்கு வெளியேதான் பார்ப்பார்கள். நெல்சனும் பார்த்தான். கேத்திப் பள்ளத்தில் கேரட் கழுவுகிற மெஷினை நிறுத்தியாகிவிட்டது, முட்டைக்கோஸ் தோட்டங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு மிஸ்ட் மேலே ஏறி வந்தது, ஈர மண்ணும் கற்பூர மரத்து விறகுப் புகையும் கலந்த சாயங்கால வாசனை சன்னல் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. சத்தம் வந்தது அறைக்குள்ளிருந்து, அவன் காலடியில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து.

அப்போதுதான் வயரை மாட்டியிருந்தான். காரிலிருந்து கழற்றிய செட், ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி, எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. கார் சாமான் வீட்டுக் கரண்டில் நேரே ஓடாது, அதற்கு பன்னெண்டு வோல்ட் வேண்டும் என்று போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் லைட்டுக்கு வாங்கிய அடாப்டரைத் தேடி எடுத்து, முனையை வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கிவிட்டிருந்தான். பாட்டு எதுவும் போடவில்லை, பென் டிரைவ்கூடச் சொருகவில்லை. ஆம்ப்ளிஃபையரில் பச்சை லைட் எரிந்தது. ஸ்பீக்கர் 'டொப்' என்றது. அப்புறம் மெல்லிசாக, கொசு காதோரம் வந்த மாதிரி, ஒரு 'ஊய்ங்'.

அது ஏறியது. ஏறி, சட்டென்று இறங்கி, ஒரு நொடி தயங்கி, மறுபடி ஏறியது.

பதினோரு வருஷம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செகண்ட் கியரிலிருந்து தேர்டு. வளைவுக்கு முன்னால் ஒரு சின்னப் பிரேக். திரும்பவும் செகண்ட். ஒரு வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் கை பழகின கை, கியர் மாற்றும்போது ஒரு உதறல் இல்லை.

பச்சை லைட் சிவப்பானது. சத்தம் அறுந்தது.

"ஒண்ணு."

நெல்சன் திரும்பிப் பார்த்தான். சமையல்கட்டு வாசலில் எல்சா நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயசுக்குப் பெரிதான ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, கையில் பாதி கடித்த வர்க்கி பிஸ்கட். ஏழு மாசமாக ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. கோயமுத்தூர் டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை, பயம்தான் என்று சொல்லி அனுப்பிய பிள்ளை. அவள்தான் சொன்னாள்.

அவன் முழங்காலில் நகர்ந்து போய் அவளைக் கட்டிக்கொண்டான். "என்ன கண்ணு சொன்ன? இன்னொருக்காச் சொல்லு சாமி, அப்பாவுக்காகச் சொல்லு." எல்சா அவன் தோளுக்கு மேலே சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரெண்டையும் செய்தது ஈவ்லின்தான். நெல்சனின் மனைவி ரோஸ்மேரியின் தங்கச்சி. குன்னூரில் நர்சரி ஸ்கூல் டீச்சர். அக்கா போனதிலிருந்து இந்த வீட்டிலேயே தங்கி, பிள்ளைக்குத் தலை பின்னி, ஊட்டிவிட்டு, ராத்திரி பக்கத்தில் படுத்து வளர்க்கிறவள். "நாந்தான் சொன்னனே மாமா! டாக்டர் அம்மாவும் சொன்னாங்கல்ல, அவளுக்குப் புடிச்ச சாமானக் கொண்டாந்து வைங்கன்னு? கார்ல போறப்ப இந்த செட்டப் புடிச்சுத்தான தொங்குவா. இன்னொருக்காப் போடுங்க" என்று அவளே குனிந்து அடாப்டரைத் தட்டினாள். அன்றைக்கு மூணு தரம் போட்டார்கள். பிள்ளையின் எண்ணிக்கை மூணு வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தரமும் சிவப்பு லைட், ஒவ்வொரு தரமும் பிள்ளை அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் ஊட்டியில் எல்லப்பனின் ரேடியோ கடைக்குப் போனான். சால்டரிங் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எல்லப்பன் அடாப்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க நெல்சன், இது அஞ்சு ஆம்பியருங்க. ஸ்டார் லைட்டுக்குப் பத்தும். உங்க ஆம்ப்ளிஃபையர் இருபது, இருபத்தஞ்சு கேக்குமுங்க. பன்னெண்டு வோல்ட்டுன்னு எழுதியிருந்தாப் போதாது, எத்தன ஆம்பியர்னு பாக்கோணும். பத்தலீன்னா செவப்பு லைட்டப் போட்டுட்டுப் படுத்துக்கும்."

"ஒரு இரைச்சல் வருதுங்க. வண்டி ஓடறாப்ல."

"அது ஆல்டர்னேட்டர் இரைச்சலுங்க. எஞ்சின் ஏறுனா அதும் ஏறும், எறங்குனா எறங்கும். கார்ல எல்லாத்துக்கும் வரும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஊட்டுல எப்படீங்க வரும்? ஊட்டுல எஞ்சின் ஏது?"

நெல்சன் அடாப்டரைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். எல்லப்பன் ஒரு பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையை எடுத்துக் கொடுத்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்தால் ஆன் ஆகிவிடும், மஞ்சள் வயர் பன்னெண்டு வோல்ட், பதினாறு ஆம்பியர் வரைக்கும் தாங்கும் என்று சொல்லிக்கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்சா தானாகவே ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துக்கொண்டு வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கிளிப்பை மாட்டியதும் பவர் சப்ளையின் விசிறி சுற்றியது, பழைய தூசி வாசனை அடித்தது, பச்சை லைட், டொப், ஊய்ங். பிள்ளை எண்ண ஆரம்பித்தாள். வளைவுக்கு ஒன்று. சத்தம் தாழும்போது உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பாள், நிமிர்ந்ததும் எண்ணைச் சொல்வாள். ஆறு. ஏழு. மசினகுடிக்குப் போகிற கல்லட்டி இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவை எண்ணிக்கொண்டு போவது அவளுக்கும் ரோஸ்மேரிக்கும் பழக்கம். போர்டில் என்ன நம்பர் போட்டிருந்தாலும் சரி, அம்மாவும் மகளும் மேலேயிருந்து தங்கள் கணக்கில்தான் எண்ணுவார்கள். ஈவ்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், "அக்கா மாதிரியே சொல்றா பாருங்க மாமா" என்றாள். நெல்சன் கிளிப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஒன்பது. பத்து. பதினொண்ணு. பன்னெண்டு.

பன்னெண்டாவது வளைவு தாண்டியதும் அந்த 'ஊய்ங்' நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரே வெட்டு. ஆனால் லைட் பச்சையாகவே இருந்தது. ஸ்பீக்கர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதில் இரைச்சலே இல்லை. டயர் ரோட்டில் உருள்கிற சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது, சன்னல் கண்ணாடியில் காற்று உரசுவது கேட்டது.

"ஹப்பா, இப்பத்தான் கிளியரா இருக்குது" என்றாள் ஈவ்லின்.

நெல்சன் லைட்டைப் பார்த்தான், பச்சைதான். எஞ்சின் ஓடினால்தானே இரைச்சல்?

யாரிடமும் அவன் சொல்லாத விஷயம் அது. கொழுந்து லாரியில் பழகிய பழக்கம். இந்த மலையில் இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, சாவியை ஒரு கட்டம் பின்னால் திருப்பி, எஞ்சினைத் தூங்க வைத்துவிட்டு வண்டியை உருளவிடுகிற டிரைவர்கள் எத்தனையோ பேர். செட்டில் பாட்டு மட்டும் ஓடும். டீசல் மிச்சம். ஏழு மாசத்துக்கு முன்னால், இதே செட் இருந்த சொந்தக் காரில், மசினகுடியில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போகும்போது, பன்னெண்டாவது வளைவு தாண்டி அதைத்தான் செய்தான். எஞ்சின் நின்றால் பிரேக் ரெண்டு மூணு மிதிக்குத்தான் மெத்தென்று இருக்கும், அப்புறம் கல்லாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். லாரியில் அதைச் சமாளித்தவன்தான். இருபத்தி மூணாவது வளைவில் கார் ரோட்டை விட்டுப் போனது. ரோஸ்மேரி அங்கேயே போய்விட்டாள். பிரேக் ஃபெயிலியர் என்று போலீஸ் எழுதினார்கள், அவனும் தலையாட்டினான். உண்மை தெரிந்தது அவனுக்கும் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த எல்சாவுக்கும் மட்டும்தான். பிள்ளை பேசவில்லையே என்று ஊரே அழுதபோது அவன் அடிவயிற்றில் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவன் தினம் செத்துக்கொண்டிருந்தான்.

பதிமூணு, பதினாலு என்று எல்சா சொன்னாள். அவள் சொல்லும்போது ஸ்பீக்கருக்குள் இன்னொரு குரலும் சேர்ந்து சொன்னது போல் இருந்தது. அவன் குனிந்து காதைக் கொடுப்பதற்குள் சிவப்பு லைட். பவர் சப்ளை படுத்துக்கொண்டது.

எல்சா சாய்ந்தபடியே நின்றுபோனாள். கண் திறந்திருந்தது, இமை அசையவில்லை. அவன் கையைத் தொட்டான். ஐஸ். நல்ல வெயில் காலத்து நடுமத்தியானத்தில்கூட இந்த ஊர்க் குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி. ஈவ்லின் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டாள், வெந்நீர் எடுத்துவந்தாள், பிள்ளை கண் சிமிட்ட ஒரு நிமிஷம் போல ஆனது.

"கரண்ட் கட்டானதும் பயந்துட்டா போல" என்றாள் ஈவ்லின். "இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கிருங்க மாமா."

நெல்சனுக்குத் தூக்கம் போனது. பேசாமல் எல்லாவற்றையும் எடுத்துப் பள்ளத்தில் எறிந்துவிடலாமா என்று நினைத்தான். ஆனால் வாயைத் திறந்த பிள்ளையை மறுபடி ஊமையாக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்? கூடவே இன்னொன்றும் மனசுக்குள் அரித்தது. அவள் எண்களை மட்டும்தான் சொல்கிறாள். இருபத்தி மூணைத் தாண்டிவிட்டால், அந்தப் பயம் விட்டுப்போய் நிஜமாகவே பேச ஆரம்பித்துவிடலாம். அப்புறம் அவள் என்ன பேசுவாள், யாரிடம் சொல்வாள், அது அவன் தலையெழுத்து. சொல்லட்டும். பேசினால் போதும் என்று கர்த்தரிடம் சொன்னான்.

முப்பது ஆம்பியர் பவர் சப்ளை வாங்கினான். கடைகளின் ஓடும் எழுத்து போர்டுக்குப் போடுகிற, ஓட்டை ஓட்டையாக இருக்கிற இரும்புப் பெட்டி. அது இருபத்தொண்ணு வரைக்கும் போனது. இந்த முறை இன்னொரு குரல் சந்தேகமில்லாமல் கேட்டது. தொலைவில், காற்றுக்குப் பின்னால், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அரை நொடி முன்னால். ரோஸ்மேரிக்கு 'ழ' வராது. பதினேழைப் பதினேள் என்பாள். ஸ்பீக்கரும் பதினேள் என்றது.

ஈவ்லின் சமையல்கட்டில் இருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. நெல்சன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். இருபத்தொண்ணில் இரும்புப் பெட்டி 'டக்' என்றது, விளக்கு மாறியது, எல்சாவின் நெஞ்சு நின்றது. மூச்சு இல்லை. அவன் அவளைத் தூக்கிக் குலுக்கினான், முதுகில் தட்டினான், பெயர் சொல்லிக் கத்தினான். அவன் மனசுக்குள் இருபது வரை எண்ணிய பிறகுதான் ஒரு நீளமான மூச்சை இழுத்தாள். உதடு நீலமாக இருந்தது.

அதோடு போதும் என்றான். பெட்டியைத் துணி போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினான். எல்சா மூணு நாள் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து அந்தப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள், எதிரே ஒன்றும் இல்லாத தரையைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் அவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள்.

"நாதியத்த புள்ளையாட்டம் காஞ்சுபோறா மாமா. எதுக்கு இப்படி அடம் புடிக்கிறீங்க?" ஈவ்லினுக்குக் கோபம் வந்து நெல்சன் பார்த்ததில்லை. "பாதில பாதில அறுந்துபோறதாலதான அவளுக்கு அப்படி ஆகுது? அறுந்துபோகாத ஒண்ண வாங்குங்க."

அதுதான் அவனுக்கும் பட்டது. பாதியில் நிற்பதுதான் ஆபத்து. நிற்காத ஒன்று வேண்டும்.

எல்லப்பன் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பவர் சப்ளைன்னா பாரம் ஏறுச்சுன்னா ட்ரிப் ஆகத்தான் செய்யுமுங்க. பேட்டரி ஒண்ணுதான் ஆகாது. உசிரு இருக்கற வரைக்கும் குடுத்துக்கிட்டே இருக்கும். கார் பேட்டரி ஒண்ணு வெச்சு, பக்கத்துல சார்ஜரப் போட்டுடுங்க. நாள் பூரா ஓடும்." ஒரு பழைய பேட்டரியும் சார்ஜரும் எடுத்துக் கொடுத்தார், வோல்ட் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றையும் சும்மா கொடுத்தார். நெல்சன் அவ்வளவையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கேத்திக்கு வந்தான். அந்த விபத்துக்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

சனிக்கிழமை, நாலு மணி. நவம்பர் மழை காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்து, இப்போது காற்று மட்டும் மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூடிவிட்டது, எதிர்வீட்டுத் தகரக் கூரைகூடத் தெரியவில்லை. பேட்டரியை ஒரு மரப்பலகையில் வைத்து கிளிப்பை மாட்டினான். மீட்டர் பன்னெண்டு புள்ளி ஏழு என்றது. எல்சா சேரில் ஏறி உட்கார்ந்து, இடுப்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய், இல்லாத பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஈவ்லின் அவளுக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்துக்கொண்டாள்.

டொப். ஊய்ங்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. கேத்தி வீட்டின் சின்ன முன்னறையில் கார் போய்க்கொண்டிருந்தது. எந்தத் தடங்கலும் இல்லை. பேட்டரி அலட்டிக்கொள்ளாமல் கொடுத்தது. பன்னெண்டில் இரைச்சல் வெட்டுப்பட்டது, டயர் சத்தம் சுத்தமானது, அந்தச் சுத்தத்துக்குள்ளிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் சோம்பலாகச் சொன்னது:

"எறக்கம்தான ரோஸி, வண்டி தானாப் போகும். எதுக்குப் பெட்ரோல எரிக்கோணும்?"

ஈவ்லினின் கை எல்சாவின் தோளிலிருந்து நழுவியது.

"ஏங்க, மறுபடி ஆஃப் பண்ணிட்டீங்களா? பின்னாடி புள்ள இருக்கறா. ஆன் பண்ணுங்க." அக்காவின் குரல். சலித்துக்கொள்கிற, கொஞ்சம் சிரிக்கிற குரல்.

ஈவ்லின் அவனைப் பார்த்தாள். ஏழு மாசமாக அவள் ஆக்கிப்போட்ட சோறு முழுவதும் அவன் தொண்டைக்கு ஏறி வந்தது.

பதினெட்டு. பத்தொம்பது. டயர் சத்தம் வேகமானது. காற்று விசிலடித்தது. ஸ்பீக்கருக்குள் ஒரு மிதி. இன்னொரு மிதி. மூணாவது மிதியில் பிரேக் 'ணங்' என்றது. அந்தச் சத்தம் அவன் வலது காலில் கேட்டது. குனிந்து பார்த்தான். அவன் கால் சிமெண்ட் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. எடுக்க முடியவில்லை.

இருபது. இருபத்தொண்ணு.

"ஏங்க?"

இருபத்திரெண்டு.

அவன் காலைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்து கிளிப்பைப் பிடுங்கினான். நீலப் பொறி. லைட் அணைந்தது. சத்தம் போனது.

எல்சா அப்படியே உறைந்துபோனாள். சாய்ந்த உடம்பு, திறந்த வாய். மூச்சில்லை. அவன் அவளைத் தூக்கப் பார்த்தான், சேரிலிருந்து வரவில்லை. இடுப்பில் ஏதோ குறுக்கே பிடித்திருந்தது, கண்ணுக்குத் தெரியாமல், இறுக்கமாக. பத்து எண்ணினான். இருபது. முப்பது. உதடு நீலம். விரல் நகம் நீலம்.

"மாட்டுங்க மாமா!" ஈவ்லின் அலறினாள். "அய்யோ ஏசப்பா! மாட்டுங்க, மாட்டித் தொலைங்க!"

கிளிப் வழுக்கியது. மாட்டினான்.

டொப்.

எல்சா மூச்சை இழுத்தாள். "இருபத்தி மூணு" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மரம் முறியவில்லை, கண்ணாடி உடையவில்லை. வண்டி திரும்பியது, நிமிர்ந்தது, போனது. "இருபத்தி நாலு" என்று ரெண்டு குரலும் சேர்ந்து சொன்னபோது நெல்சன் தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதான். தாண்டிவிட்டாள். என் பிள்ளை தாண்டிவிட்டாள். ஈவ்லினின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, ஆனாலும் தாண்டிவிட்டாள்.

முப்பது. முப்பத்தஞ்சு. முப்பத்தாறு. கல்லட்டியில் அவ்வளவுதான் வளைவு. அதற்கப்புறம் சமவெளி, யானை நடமாடுகிற காடு, மசினகுடி.

"முப்பத்தேள்" என்றாள் எல்சா.

வண்டி சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது.

அப்போது எங்கோ கீழே, வெலிங்டன் பக்கமாக, ஒரு மரம் விழுகிற சத்தம். டியூப் லைட் ரெண்டு தரம் கண்ணடித்து அணைந்தது. ஊர் முழுக்க இருட்டு. சார்ஜரின் விளக்கும் போனது. மீட்டர் மட்டும் சிவப்பாக எரிந்தது. பன்னெண்டு புள்ளி ஒண்ணு.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்தார்கள். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈவ்லின் டார்ச்சை எடுத்தாள். "பக்கத்துல பாலு ஊட்டுல பிக்கப் வண்டி நிக்குது. அதுல இருந்து பேட்டரியக் கழட்டிட்டு வர்றேன்." வாசலில் நின்று திரும்பினாள். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." முடிக்காமல் மிஸ்ட்டுக்குள் இறங்கினாள். நாலு எட்டில் டார்ச் வெளிச்சம் காணாமல் போனது.

ஐம்பத்திரெண்டு. ஐம்பத்தி மூணு.

பன்னெண்டு.

அறை குளிர்ந்தது. அவன் எல்சாவைக் கம்பளியால் சுற்றினான். கம்பளிக்குள் அவள் உடம்பு இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. அவள் கன்னத்தில் காற்று அடித்தது. சன்னல் சாத்தியிருந்தது. முடி பின்னால் பறந்தது.

எழுபது. மீட்டர் பதினொண்ணு புள்ளி ஏழு.

"ஈவ்லின்!" என்று கத்தினான். பாலுவின் வீடு அறுபது அடி தூரம். பதில் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

தொண்ணூத்தி ஒண்ணு. பதினொண்ணு புள்ளி ரெண்டு. பத்தரை வோல்ட்டுக்குக் கீழே போனால் ஆம்ப்ளிஃபையர் தானாக நின்றுவிடும். அது நின்றால் பிள்ளையின் மூச்சும் நிற்கும். ஸ்பீக்கரில் குரல் கனத்தது, இழுத்தது. எல்சாவின் குரலும் இழுத்தது. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் அவள் மூச்சு விடவில்லை. எண்ணைச் சொல்லும்போது மட்டும் விட்டாள்.

தொண்ணூத்தி... நாலு.

பதினொண்ணு.

அவன் கையைக் கூப்பினான். ஜெபம் வரவில்லை. "எல்சா, அப்பாவப் பாரு. கண்ணு, அப்பாவப் பாரும்மா."

பார்த்தாள். ஏழு மாசத்தில் முதல் தரமாக நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். எண்ணுவதை நிறுத்தினாள்.

"அப்பா" என்றாள். "வண்டிய ஆன் பண்ணுங்கப்பா."

பத்து புள்ளி எட்டு.

அவன் வலது கை முன்னால் போனது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், சாவி இருக்க வேண்டிய இடம். வெறும் காற்று. விரலைக் குவித்துத் திருப்பினான். ஒன்றும் இல்லை. திருப்பினான். கால் தரையை மிதித்தது, தரை கல்லாக நின்றது. திருப்பினான்.

"அப்பா."

பத்து புள்ளி ஆறு. திருப்பினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு அடுத்த வளைவுக்குச் சாய்ந்தாள். சாய்ந்தவள் நிமிரவில்லை. இருட்டில் பச்சை லைட் ஒரு தரம் துடித்தது, நெல்சன் காற்றில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.